துப்பாக்கி மூக்கில் கட்டியிருந்த கம்பி

ஒரகடத்தில் வேலை என்று சொன்னால் எல்லோரும் கார் கம்பெனியா என்று கேட்பார்கள். இல்லை. கார் பாகங்கள் கப்பலேறிப் போகும்போது அவற்றை வைத்து அனுப்புகிற மரப்பெட்டிகளைச் செய்யும் இடத்தில்தான் நான் வேலை செய்கிறேன். வடக்குப்பட்டுப் பக்கம் தகரக்கூரை போட்ட நீளமான ஷெட். உள்ளே இரண்டு வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜைக்கும் மேலிருந்து ஒரு காற்றுக்குழாய் தொங்கும். அதன் நுனியில் ஆணியடிக்கிற துப்பாக்கி. நாங்கள் அதை கன் என்போம். கம்ப்ரஸரிலிருந்து வருகிற காற்று, இரண்டரை அங்குல ஆணியைக் கண் சிமிட்டுவதற்குள் பலகைக்குள் இறக்கிவிடும்.

அந்த கன்னின் மூக்கு நுனியில் ஸ்பிரிங் வைத்த இரும்புத் துண்டு ஒன்று இருக்கும். அதைப் பலகைமேல் வைத்து அழுத்தினால்தான் உள்ளே போகும். அது உள்ளே போனால்தான் விசையை இழுக்கும்போது ஆணி வரும். வெறுங்காற்றில், எதிரே நிற்பவர் வயிற்றுக்கு நேராக, நம் தொடைக்கு நேராக, எங்கே பிடித்து இழுத்தாலும் ஆணி வராது. அதற்காகவே வைத்தது. எங்கள் ஷெட்டில் அதற்கு சேஃப்டி என்று பெயர். பெயர் மட்டும்தான் இருந்தது. நான் சேர்ந்த காலத்தில் எல்லா கன்னிலும் அந்த இரும்புத் துண்டை மேலே தள்ளி, கட்டட வேலையில் முறுக்கு கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவார்களே, அந்த மெல்லிய கட்டுக்கம்பியால் நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கி வைத்திருந்தார்கள்.

காரணம் இல்லாமல் கட்டவில்லை. பைன் மரத்தில் பிசின் உண்டு. பிசினும் மரத்தூளும் சேர்ந்து அந்த ஸ்பிரிங்கில் அப்பிக்கொள்ளும். சேஃப்டி பாதியில் மாட்டிக்கொண்டு, இழுத்தால் ஆணி வராது. குழாயைக் கழற்றி, துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பெட்டி போய்விடும். மேலே தள்ளிக் கட்டிவிட்டால் துடைக்கவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். இழுத்தால் ஆணி. அவ்வளவுதான்.

நானும் அப்படிக் கட்டிய கன்னில்தான் ஒன்றரை வருடம் வேலை செய்தேன். இதைச் சொல்லாமல் மேலே போனால் நான் ஏதோ பிறந்ததிலிருந்தே விவரமானவள் என்று தோன்றும். என் கன்னில் கம்பி தளர்ந்தபோது நானே ப்ளையர் வாங்கி முறுக்கியிருக்கிறேன்.

இந்த வேலை எனக்குக் கிடைத்ததே ஒரு சண்டைக்குப் பிறகுதான். அதற்கு முன்பு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒயரிங் செய்கிற கம்பெனியில் இருந்தேன். முப்பது வயது தாண்டியதும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவிலேயே, நான்கு வீடு தள்ளி இருப்பவர் மரப்பெட்டி ஷெட்டில் சூப்பர்வைசர். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். சின்ன வயதிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்தவர். அவர்தான் சேர்த்துவிட்டார். ஆனால் பெண்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதும் பலகை அடுக்குவதும்தான் வேலை, கன்னைத் தொடக்கூடாது. ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆண்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. மேஜைகள் காலியாகக் கிடந்தன. நான் போய் ஒரு கன்னை எடுத்துக்கொண்டு நின்றேன்.

"அது வெயிட்டுக்கா. உன்னால முடியாது. வெச்சிடு" என்றார்.

"மூணு குடம் தண்ணி தூக்குறப்ப யாராச்சும் வந்து முடியாதுன்னு சொன்னீங்களாடா?" என்றேன்.

சாயங்காலம் அவரே என் பெட்டிகளைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அந்த மேஜை என்னுடையது. எதிர்ப்பக்கம் பலகை பிடிக்க, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து படப்பையில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண் வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனால் மூன்று கம்பெனி பார்த்துவிட்டு வந்தவள், வாயில் யாருக்கும் பயம் கிடையாது. நாங்கள் இருவரும் சேர்ந்தால் ஷெட்டில் எங்கள் மேஜைதான் வேகம். அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது. கட்டின கன்தான் அந்த வேகத்தைக் கொடுத்தது என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். கனமான பெட்டிக்கு அடித்தட்டு அடித்துக்கொண்டிருந்தோம். இடது கையால் பலகையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு வலது கையால் அடித்துக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் மரத்தில் கணு. ஆணி கணுவில் மோதியதும் கன் பின்னால் உதைத்தது. உதைத்த வேகத்தில் என் விரல் விசையை இன்னொரு தடவை இழுத்துவிட்டது. நான் இழுக்க நினைத்தது ஒன்று, வந்தது இரண்டு. சேஃப்டி வேலை செய்திருந்தால் இரண்டாவது வந்திருக்காது; கன்னின் மூக்கு அப்போது பலகைமேல் இல்லை. அது என் இடது கைக்கு நேராகக் காற்றில் இருந்தது.

வலி உடனே வரவில்லை. அதை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். கையை எடுக்கப் பார்த்தேன், கை வரவில்லை. அதுதான் முதலில் தெரிந்தது. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதையில் ஆணியின் தலை மட்டும் தெரிந்தது. மீதி பலகைக்குள். ரத்தம்கூட ஒரு பொட்டளவுதான்.

"ஏ யக்கா!" என்றாள் எதிரே இருந்தவள். பிறகு அவள் செய்த முதல் காரியம், என் வலது கையிலிருந்த கன்னை வாங்கி, குழாயை அதிலிருந்து கழற்றி எறிந்ததுதான். குழாய் பாம்பு மாதிரிச் சீறி அடங்கியது. "கைய அசைக்காதீய. அப்பிடியே நில்லுங்க" என்றாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். கையில் ஆணி பிடுங்குகிற, நகம் வைத்த சுத்தி. முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

"ஒண்ணியும் இல்லக்கா. கண்ண மூடிக்க. ஒரே இஸ்ப்பு, வந்துரும்."

"தொட்டுப் பாரு" என்றேன்.

"அக்கா, சும்மா இருக்கா."

"தொட்டுப் பாருடா, அந்த சுத்தியாலயே உன் மண்டைய ஒடைக்கிறேன்."

நான் அடிக்கிற ஆணியைப் பற்றி எனக்குத் தெரியும். அதன் உடம்பு வழவழப்பாக இருக்காது. வளையம் வளையமாக இருக்கும். கப்பலில் எத்தனை ஆட்டம் ஆடினாலும் மரத்தைவிட்டு வெளியே வரக்கூடாது என்று செய்த ஆணி. தப்பாக அடித்த ஆணியைப் பிடுங்கும்போது மரம் சிராய் சிராயாகப் பிய்த்துக்கொண்டு வருவதைத் தினமும் பார்க்கிறவள் நான். என் கை என்ன, மரத்தைவிடக் கெட்டியா?

"ரம்பம் எடு. ரெண்டு பக்கமும் பலகைய அறு" என்று எதிரே இருந்தவளிடம் சொன்னேன். யாரையும் கேட்காமல் அவள் போய்க் கைரம்பத்தை எடுத்து வந்தாள். இரண்டு பேர் பலகையை ஆடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். ரம்பத்தின் ஒவ்வோர் இழுப்பும் பலகை வழியாக வந்து என் எலும்பில் ஓடியது. அப்போதுதான் வலி வந்தது. கத்தினேன். "கத்துங்கக்கா, நல்லா கத்துங்க. நான் நிறுத்த மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அறுத்தாள்.

ஒரு சாண் நீளத்துக்குக் கட்டையோடு கை பிரிந்து வந்தது. அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினேன். அவளும் ஏறினாள். சூப்பர்வைசர் முன் சீட்டில். வேன் மெயின் ரோட்டுக்கு வந்ததும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, அங்க கேப்பாங்க. வூட்ல காலண்டர் மாட்ட ஆணி அடிச்சேன், தவறிடுச்சுன்னு சொல்லிடு. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

நான் என் கையைப் பார்த்தேன். கையோடு இருந்த கட்டையைப் பார்த்தேன்.

"இந்தக் கட்டைல காலண்டர் மாட்டினேன்னு சொல்லட்டா?"

நான் அவ்வளவு வலியில் இருந்தும் பக்கத்திலிருந்தவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சூப்பர்வைசருக்கு வரவில்லை. "நா சொல்லல, மேனேஜர் போன்ல சொன்னார்க்கா. கேஸு கீஸுன்னா பேஜாராயிடும்" என்று வெளியே பார்த்தபடி சொன்னார்.

தனியார் மருத்துவமனை. அங்கே ஒரு பெண் டாக்டர். கட்டையைத் தொடாமல் குனிந்து சுற்றிலும் பார்த்தார். பிடுங்கப் பார்த்தார்களா என்று கேட்டார். விடவில்லை என்றேன். "நல்ல வேலை செஞ்சீங்க" என்றார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது.

"எப்படி ஆச்சு?"

"வூட்ல டாக்டர், ஆணி அடிக்கும்போது" என்று சூப்பர்வைசர் ஆரம்பித்தார்.

"நான் அவங்களைக் கேட்டேன்" என்றார் டாக்டர், அவர் பக்கம் திரும்பாமலே.

"வேலை செய்யிற எடத்துல. பதினோரு மணிக்கு. நெயில் கன். கன்னுல சேஃப்டிய கம்பியால கட்டி வெச்சிருந்தாங்க" என்றேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எழுதி முடித்ததும், ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று கேட்டார்.

"கீது" என்றேன்.

சூப்பர்வைசர் எழுந்து வெளியே போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் போனில் பேசுவது தெரிந்தது. ஒரு கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

எலும்பு தப்பித்தது. ஒரு நரம்பு அடிபட்டிருந்தது. ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தேன். மகள் தலையை ஒற்றைக் கையால் பின்னப் பழகினேன். கோணல் மாணலாக வரும், அவள் பள்ளிக்கூடத்தில் போய் அவிழ்த்துத் திரும்பப் போட்டுக்கொள்வாள். கணவர் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். "அந்தக் கம்பெனியே வேணாம். வேற எடம் பாக்கலாம்" என்று தினமும் சொன்னார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் வேறு இடத்திலும் கன் இருக்கும், அதிலும் கம்பி இருக்கும். நான் ஓடிப்போனால் இங்கே என் மேஜையில் இன்னொருத்தி அதே கன்னோடு நிற்பாள். அதைவிட, தப்பு செய்தவள் மாதிரி நான் எதற்கு ஓட வேண்டும் என்ற கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நாளும் அந்தக் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டது.

மூன்றாவது வாரம் கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் கொடுத்து அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். மேலெல்லாம் ஆங்கிலம். கீழே தமிழில் ஒரு வரி: விபத்துக்குக் காரணம், ஊழியரின் கவனக்குறைவு. கொண்டு வந்தவர் பேனாவையும் திறந்து நீட்டினார். நான் வாங்கி, அந்த வரிக்குக் கீழே இருந்த இடத்தில் எழுதினேன்: 'துப்பாக்கியின் சேஃப்டியைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அது கட்டாமல் இருந்திருந்தால் இரண்டாவது ஆணி வந்திருக்காது.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"இங்கெல்லாம் எழுதக்கூடாதும்மா" என்றார் அவர்.

"அந்த வரிய எழுதினவருக்கு எழுதலாம்னா எனக்கும் எழுதலாம்" என்றேன்.

திரும்பி வேலைக்குப் போன நாள் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. ஷெட் வாசலில் பைன் வாசனை அடித்ததும் கை தானாக மடங்கிக்கொண்டது. முதல் கன் சத்தம் கேட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது. பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தோடுதான் நடந்து போய் என் மேஜையில் நின்றேன். கன்னை எடுத்துப் பார்த்தேன். அதே கம்பி. நான்கு சுற்று.

குழாயைக் கழற்றினேன். ப்ளையரால் கம்பியின் முறுக்கைப் பிரித்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தேன். துணியில் மண்ணெண்ணெய் தொட்டு அந்த மூக்கைத் துடைத்தேன். கறுப்புக் களிம்பாகப் பிசின் வந்தது. துடைக்கத் துடைக்க ஸ்பிரிங் இளகி, சேஃப்டி துள்ளி வெளியே வந்து நின்றது. அழுத்திப் பார்த்தேன். விட்டேன். மறுபடி அழுத்திப் பார்த்தேன். பிறகு குழாயை மாட்டி, ஒரு துண்டுப் பலகையில் ஓர் ஆணி அடித்தேன். ஆணி நேராகத்தான் போனது.

சூப்பர்வைசர் வந்து நின்றார். கட்டுப் போட்டிருந்த கையைப் பார்த்தார், கம்பி இல்லாத கன்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா இது?"

"கண்ணு தெரியலயா? அவுத்துட்டேன்."

"நீ ஒருத்தி இப்டி ஓட்டினா லைனு நிக்கும். பெட்டிக் கவுன்ட் வராது. என்னதான் கேப்பாங்க."

"கேட்டா கை காட்டு. எங்கிட்ட அனுப்பு."

"நான்தானக்கா உன்ன சேத்து வுட்டேன்" என்றார் மெதுவாக. அவர் அப்படிச் சொன்னது சுத்தியோடு வந்ததைவிட வலித்தது. உண்மைதானே. அவர் இல்லாவிட்டால் அந்த வயதில் எனக்கு வேலை கிடைத்திருக்காது. ஆனால் அதற்காக ஒரு கையைக் கொடுக்க முடியாது.

"சேத்து வுட்ட. அதுக்கு எப்பவும் நான் கடமைப்பட்டவ. ஆனா வேலைக்குத்தான் சேத்து வுட்ட, ஆணி வாங்கிக்க இல்ல" என்றேன்.

அன்று மதியமே என்னை மேஜையிலிருந்து எடுத்து மரத்தூள் கூட்டப் போட்டார்கள். கூட்டினேன். மறுநாள் காலை நேராக மேஜைக்கு வந்து கம்பியை அவிழ்த்தேன். யாரோ திரும்பக் கட்டியிருந்தார்கள். மறுபடி கூட்டப் போட்டார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. காலையில் நான் அவிழ்ப்பது, மதியம் துடைப்பம், சாயங்காலம் யாரோ கட்டுவது. ஆண்கள் சிலர் சிரித்தார்கள். "துப்பாக்கி அக்கா வந்துட்டாங்க, கைய தூக்குங்கடா" என்று ஒருவர் கத்துவார். இன்னொருவர் தேநீர் இடைவேளையில் தனியாக வந்து, தன் தொடையில் ஆணி ஏறிய தழும்பைப் பற்றிச் சொன்னார். பேன்ட்டுக்கு மேலேயே விரலால் இடத்தைக் காட்டினார். அவரும் வீட்டில் நடந்ததாகத்தான் சொல்லியிருந்தாராம்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, காலையில் நான் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் எதிர்ப்பக்கத்துக்காரி அடுத்த மேஜையில் நின்றிருந்தாள். என்னைக் கூட்டப் போட்டபிறகு அவளுக்கு அங்கே கன் கொடுத்திருந்தார்கள். அவள் கையிலும் ப்ளையர்.

"உனக்கு எதுக்கு வம்பு? ஹாஸ்டலுக்குப் பணம் கட்டணும், ஊருக்கு அனுப்பணும். சும்மா இரு" என்றேன்.

"அன்னைக்கு உங்க கைய அறுத்தது நான்லாக்கா" என்றாள், கம்பியைப் பிரித்துக்கொண்டே. "பலகையத்தான் அறுத்தேன். ஆனா எனக்கு உங்க கைய அறுத்த மாதிரிதான் இருந்துச்சு. ராத்திரி கண்ண மூடுனா அந்தச் சத்தம்தான் கேக்கு. இன்னொருக்கா என்னால அறுக்க முடியாது. அவிய என்ன வேணா செய்யட்டும்."

இரண்டு பேரைக் கூட்டப் போட்டால் இரண்டு மேஜை காலி. அதனால் எங்களைக் கூட்டப் போடவில்லை. கன்னோடு விட்டுவிட்டார்கள், ஆனால் கவுன்ட் குறைகிறது என்று ஓவர்டைம் கிடையாது என்றார்கள். சரி என்றோம். கவுன்ட் அப்படி ஒன்றும் குறையவில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். காலையிலும் சாப்பாட்டுக்கு முன்னும் துடைத்துவிட்டால் கன் மாட்டிக்கொள்ளாது. பிடிக்கிற கையை ஆணி இறங்குகிற இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கப் பழகினோம். கணு இருக்கிற இடத்தில் அடிக்காமல் இரண்டு விரல் நகர்த்தி அடித்தோம். மேஜையிலிருந்து நகர்ந்தால் விரலை விசையிலிருந்து எடுத்தோம். ஆணி சிக்கினால் குழாயைக் கழற்றாமல் தொடுவதில்லை. இதில் ஒன்றுகூட பெரிய வித்தை இல்லை. இதையெல்லாம் யாராவது எங்களுக்கு முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து, எங்களிடம் பெட்டி வாங்குகிற கம்பெனியிலிருந்து ஷெட்டைச் சோதிக்க ஆடிட் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் சூப்பர்வைசரே மேஜை மேஜையாகப் போய் எல்லா கன்னிலும் கம்பியை வெட்டினார். வெட்டிய கம்பிகளை ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டுக்கொண்டே போனார். கண்ணுக்குப் புதுக் கண்ணாடி கொடுத்தார்கள், காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். என் மேஜைக்கு வந்தபோது என் கன்னில் வெட்ட ஒன்றும் இல்லை. அவர் நிற்காமல் அடுத்த மேஜைக்குப் போனார்.

மறுநாள் வெள்ளை ஹெல்மெட் போட்ட ஒருவர் மேனேஜரோடு சுற்றி வந்தார். சென்னைக்காரர். ஒவ்வொரு மேஜையிலும் நின்று பார்த்தார். என் மேஜைக்கு வந்தபோது என் இடது கையைப் பார்த்தார். கட்டைவிரல் முழுதாக மடங்காததால் நான் பலகையைப் பிடிக்கிற விதம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

"கையில என்னம்மா?"

மேனேஜர், "அது பழசு சார்" என்றார்.

ஹெல்மெட்காரர் என்னைத்தான் பார்த்தார். "எப்பவும் இப்படித்தான் வேலை செய்வீங்களா? சேஃப்டி எல்லாம் போட்டு?"

ஷெட்டில் எல்லா கன்னும் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. நின்றிருக்காது, எனக்கு அப்படித் தோன்றியது. மேனேஜருக்குப் பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் கன்னைப் பொறுத்தவரை அது பொய்கூட இல்லை.

"நானும் இந்தப் பொண்ணும் எப்பவும் இப்படித்தான் சார். மத்தவங்க இன்னிக்கு மட்டும். நேத்து சாயங்காலம்தான் கம்பிய வெட்டினாங்க. என் கைல ஆணி ஏறினது கம்பி கட்டின கன்னுலதான்."

"சார், அவங்க கொஞ்சம்..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"ஆமா சார். நானும் பாத்துட்டுதான் இருந்தேன். வெட்டுன கம்பியெல்லாம் அந்தா, அந்தப் பெயின்ட் டப்பால கெடக்கு" என்றாள் அடுத்த மேஜைக்காரி.

அவர் நடந்து போய் டப்பாவைத் திறந்து பார்த்தார். போனில் படம் எடுத்தார்.

அவர் போனதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி அறை. உட்காரச் சொல்லவில்லை. நானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆர்டர் போனால் இத்தனை குடும்பம் என்ன ஆகும், உனக்குக் கம்பெனி என்ன குறை வைத்தது என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் முடிக்கிறவரை இருந்துவிட்டு, "நான் பொய் சொன்னேன்னா சொல்லுங்க சார், வேலைய வுட்டுப் போறேன். நெசம் சொன்னேன்னா நான் போய் என் மேஜைல நிக்கணும், ஷிப்ட் முடியல" என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. பைக்கில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"என் தலைலதான்க்கா எல்லாம் வுழும். மேனேஜர் எழுதிக் குடுத்து கட்டச் சொன்னாரா? இல்லயே. வாயால சொன்னாரு. கட்டினது என் கை."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொன்னியா?"

"உன் பேர சொல்லலடா. நடந்தத சொன்னேன். வாயால சொன்னவர் யாருன்னு அவங்க கேட்டா நீயும் நடந்தத சொல்லு. காலண்டர் கதை சொல்லாத."

அவர் கிளம்பச் சாவியைத் திருப்பினார், மறுபடி அணைத்தார். பிறகு, "அன்னிக்கு அந்த சுத்தியால இஸ்திருந்தா உன் கை போயிருக்கும்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கிளம்பிப் போய்விட்டார்.

ஆர்டர் போகவில்லை. வாங்குகிற கம்பெனிக்கும் பெட்டி வேண்டுமே. ஆனால் கன்களைச் சரிசெய்யச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. அதன்பிறகு எல்லா கன்னிலும் விசையை மாற்றினார்கள். முதலில் மூக்கை அழுத்தி, பிறகு இழுத்தால் ஓர் ஆணி. மறுபடி விட்டு அழுத்தினால்தான் அடுத்தது. உதைத்தாலும் இரண்டு வராது. துடைப்பதற்குக் காலையில் பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். கவுன்ட்டைக் கொஞ்சம் குறைத்தார்கள். கட்டுக்கம்பிச் சுருள் ஷெட்டிலிருந்து காணாமல் போனது. சூப்பர்வைசரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. வெளியே மரம் இறக்குகிற யார்டுக்கு மாற்றினார்கள். அங்கே வெயில். ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது தெருவில் பார்த்தால் அக்கா என்கிறார், அதற்குமேல் ஒன்றும் இல்லை. எனக்கு வருத்தம் உண்டு. சொன்னதற்காக வருத்தம் இல்லை.

எனக்கு லைன் லீடர் பதவி வரவேண்டிய முறை வந்தது. வேறொருவருக்குக் கொடுத்தார்கள். காரணம் கேட்டதற்கு, என் கை முழுதாக மடங்கவில்லை என்றார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சங்கரன்கோவில்காரிக்குக் கல்யாணம் ஆகி, ஹாஸ்டலை விட்டுப் படப்பையில் வீடு எடுத்திருக்கிறாள். வேலையை விடவில்லை.

இந்த வருடம் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். ஷெட்டில் பந்தல், பலூன், மைக். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, வலது கையை முன்னால் நீட்டச் சொல்லி, உறுதிமொழி வாசித்தார்கள். நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். என் பாதுகாப்பு என் பொறுப்பு என்று ஆரம்பித்தது. எல்லோரும் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மைக்கில் வாசித்துக்கொண்டிருந்த மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார். இறங்கி வந்து, "நீங்க மட்டும் ஏன் சொல்லல?" என்று கேட்டார். இப்போதெல்லாம் அவர் என்னை நீங்க என்றுதான் சொல்கிறார்.

"அது பாதிதான் சார் நெசம். கன்ன வாங்கறது நீங்க, வேகத்த சொல்றது நீங்க. உங்க பொறுப்பு இன்னான்னு மீதியையும் எழுதிக்கினு வாங்க. ரெண்டையும் சேத்து நானே மைக்ல சொல்றேன்" என்றேன்.

எழுதி வருகிறேன் என்றார். இன்னும் எழுதி வரவில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.